எதிர்க்காற்றில் ஏழு கிலோமீட்டர்

பெரிய குளத்து வளைவு வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் ரோஸ்லெட் தோவாளையில் வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தாள். வளைவு வந்தது, போனது. அதற்கடுத்த செங்கல் சூளையும் போனது. முதுகுக்குப் பின்னால் மேற்கேயிருந்து வருகிற ஆனி மாதத்துக் காற்று, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் புகுந்துவிட அவசரப்பட்டு ஓடுகிற காற்று, அவளுடைய மழைக்கோட்டுக்குள் நுழைந்து அதை ஊதிப் பெரிதாக்கி, ஐம்பத்தேழு வயசுக்காரியை ஒரு பொட்டலம்போலத் தள்ளிக்கொண்டு போனது. மிதிக்கவே தேவையில்லை. ஆனாலும் மிதித்தாள். வலது, இடது, வலது, இடது. கால்கள் வட்டம் போடுவதைக் குனிந்து பார்க்க ஆசையாக இருந்தது. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். தூங்குகிற பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் முழித்துக்கொள்ளும் என்று பார்க்காமலே கடந்து போவோமே, அதுபோல வரப்புகளையும் வயல்தண்ணீரில் ஓடுகிற மேகத்தையும் பார்த்துக்கொண்டு போனாள். இதே கால்கள்தான் இன்று காலை கட்டிலிலிருந்து வாசலுக்கு வர இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டன. நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிப்போயின. இடுப்புக்கு மேலே உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, கீழே இருப்பது யாருடைய காலோ என்பதுபோலச் சும்மா கிடக்கிறது. பார்க்கின்சன் வந்து ஆறு வருஷம். கை நடுக்கம் பழகிப்போயிற்று. இந்த ஒட்டிக்கொள்ளல் மட்டும் பழகவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுசாக அவமானமாக இருந்தது, அதுவும் கதவு என்றால், குறுகலான இடம் என்றால். அவள் புருஷன் தாசையன் நிலைப்படியின் இரண்டு பக்கமும் தரையில் சிவப்பு டேப்பை வரிவரியாக ஒட்டி வைத்திருந்தார். கோட்டைத் தாண்டு என்று சொன்னால் கால் தாண்டும், நட என்று சொன்னால் நடக்காது. என்ன கணக்கு அது. கோடு இருந்தால் தாண்டுகிற காலுக்குக் கோடு இல்லாத தரை என்ன பாவம் செய்தது.

இருபத்தாறு வருஷம் மின்வாரியத்தில் வீடுவீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்த கால்கள். தாழக்குடி, சீதப்பால், செண்பகராமன்புதூர் என்று ஒரு ஊர் விடாமல் இந்த மாதிரி லேடீஸ் சைக்கிளில்தான் சுற்றினாள். கரண்டு அக்கா வந்தாச்சு என்று பிள்ளைகள் கத்தும், நாய்கள்கூட பழகிப்போய்க் குரைக்காமல் விட்டுவிடும். பெனிலா வயிற்றில் ஏழு மாதம் இருந்தபோதும் ஓட்டினாள். இப்போது பெங்களூரில் இருக்கிற அந்தப் பெனிலாதான் போன மாதம் ஒரு சைக்கிளை வாங்கி அனுப்பினாள், சக்கரமில்லாத சைக்கிள், ஹாலில் ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிள். மழையும் வேண்டாம் காற்றும் வேண்டாம் அம்மா, டிவி பார்த்துக்கிட்டே மிதிக்கலாம். மிதித்தாள். பத்து நிமிஷம் மிதித்த பிறகும் எதிரே அதே சுவர், அதே காலண்டர். சலிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, ஒருவிதத் திகில். எத்தனை மிதித்தாலும் நீ இங்கேதான் என்று யாரோ காதில் சொல்வதுபோல. அப்புறம் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, மழை பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் எந்த சைக்கிளும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் உடம்பு சிமெண்டு மாதிரி இறுகியது. படுக்கையில் புரண்டு படுக்க தாசையனைக் கூப்பிட வேண்டியிருந்தது. போனில் பெனிலா ஏதோ தமாஷ் சொன்னாள், ரோஸ்லெட் சிரித்தாள், உள்ளே நன்றாகவே சிரித்தாள். ஏன் அம்மா மூஞ்சியை உம்முன்னு வச்சிருக்க என்று மகள் கேட்டாள். சிரிப்பு முகம்வரைக்கும் வந்து சேரவில்லை. அன்றைக்குத்தான் முடிவு செய்தாள், மழை விடுகிறதோ இல்லையோ.

"மழ விடட்டும் ரோஸி," என்றார் இன்று காலை தாசையன். மழைக்கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு தராமல் நின்றார்.

"ஆவணி பொறந்தா விடும். அதுவரைக்கும் நான் கட்டில்லயா கெடக்க?"

"காய்ச்சல் விட்டு நாலு நாளுதான் ஆச்சு. டாக்டர் என்ன சொன்னாரு?"

"சைக்கிள் ஓட்டச் சொன்னாரு."

"ஒடம்பு நல்லா இருக்கும்போது ஓட்டச் சொன்னாரு."

"நல்லா இருக்கப்பட்ட நாளு எது, நீங்களே சொல்லுங்க."

அவர் மழைக்கோட்டை நீட்டினார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஊர் முழுக்கப் பேசியவர், வீட்டுக்குள் இப்படி வாயடைத்துப்போவதைப் பார்க்க அவளுக்கே கஷ்டமாக இருந்தது. ஆறரை மணி மாத்திரையைக் கொடுத்தார். அரைமணி நேரம் அது ரத்தத்தில் இறங்கட்டும் என்று காத்திருந்தார்கள். அப்புறம் சைக்கிளைப் படியோரமாகச் சாய்த்துப் பிடித்து, அவள் ஏறி உட்கார்ந்ததும், பின்சீட்டில் கை வைத்து ஒரே ஒரு தள்ளு. குளத்து வளைவு, அதுக்கு மேல வேண்டாம், கேட்டியா, என்று பின்னால் குரல் வந்தது.

அதுக்கு மேல வந்தாயிற்று. ஏன் வந்தாள் என்று யோசித்தாள். காற்று தள்ளியது என்று சொல்லலாம், அது பாதி உண்மை. மீதிப் பாதி, திரும்புவதற்குப் பயம். திரும்பினால் இதே காற்று நெஞ்சில் வந்து மோதும். முன்னால் போகப் போக அந்தக் கடன், சே, கடன் என்ன, திரும்பி வர வேண்டிய அந்தத் தூரம் பெருத்துக்கொண்டே போகிறது, தெரிந்தும் போகிறாள். சின்ன வயதில் கடலில் இறங்கி, இன்னும் ஒரு அலை, இன்னும் ஒரு அலை என்று உள்ளே போன மாதிரி. பறக்கிற மாதிரி இருந்தது. தாமரைக்குளத்தில் இலைகள் எல்லாம் காற்றுக்குப் புரண்டு வெளிறிய அடிப்பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. தூரத்தில் தாடகை மலை இடுப்புவரை மேகத்துக்குள் இருந்தது. ஒரு கொக்கு காற்றை எதிர்த்துப் பறக்க முயன்று அந்தரத்தில் அப்படியே நின்றது, ஒரு விரல்கூட முன்னே நகராமல், இறக்கையை மட்டும் அடித்துக்கொண்டு. ஹாலில் நிற்கிற சைக்கிள், என்று நினைத்தாள். சிரித்தாள். இந்தத் தடவை முகத்துக்கு வந்ததா தெரியவில்லை, பார்க்க யாருமில்லை.

இந்தக் கால்கள் சைக்கிளுக்கு மட்டும் இணங்கும் என்று முதல்முதலில் தெரிந்த நாளை யோசித்தாலே இப்போதும் உடம்பு சிலிர்க்கும். இரண்டு வருஷம் முன்பு ஐப்பசியில் ஒருநாள், தாசையன் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். முற்றத்துக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது, மழை வந்தது, எடுக்கப் போனவள் துணிக்கொடிக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில் ஒட்டிப்போனாள். அரைமணி நேரம். துணி நனைந்தது, அவள் நனைந்தாள், வீடு பத்தடி தூரத்தில் இருந்தது. கூப்பிட்டால் பக்கத்து வீட்டு மேரி வருவாள், கூப்பிடக்கூடாது என்று ஒரு வைராக்கியம். கைக்கு எட்டுகிற தூரத்தில் பழைய சைக்கிள் மாமரத்தில் சாய்ந்திருந்தது. மூன்று வருஷமாக அதை யாரும் தொட்டதில்லை. பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்றுதான் அதைப் பிடித்தாள். கால் கடுத்தது, உட்கார ஏதாவது வேண்டும் என்றுதான் சீட்டில் இடுப்பைச் சாய்த்தாள். முற்றம் வாசலைப் பார்த்துச் சரிவு. சைக்கிள் மெல்ல நகர்ந்தது. விழப்போகிறேன் என்று நினைத்த அந்த நொடியில் வலது கால் மேலே போய் மிதிகட்டையை மிதித்தது. அவள் மிதிக்கச் சொல்லவில்லை. அப்புறம் இடது கால். அரைமணி நேரம் கெஞ்சியும் ஒரு அங்குலம் நகராத இடது கால், ஏதோ நேற்றுவரை வேலைக்குப் போய்விட்டு இன்று காலை டூட்டிக்குக் கிளம்புகிற காலைப்போல, இயல்பாக, அலட்டிக்கொள்ளாமல், மேலே வந்து கீழே போனது. வாசல் தாண்டி, சர்ச் தாண்டி, மெயின் ரோடு வரை போய்விட்டாள். ரேஷன் பையோடு வந்துகொண்டிருந்த தாசையனைக் கடந்து போனாள். பை அவர் கையிலிருந்து நழுவி அரிசி ரோட்டில் கொட்டியது. அவர் அரிசியைப் பார்க்கவேயில்லை.

திருவனந்தபுரத்து டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார், பொய் சொல்கிறவர்களிடம் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. சின்னப் பையன் மாதிரிதான் இருப்பார். நடக்க வையுங்கள் பார்க்கலாம் என்று வராந்தாவில் நடக்கவிட்டார், நாலடியில் நின்றுபோனாள். அப்போது தாசையன் போய் ஆஸ்பத்திரி காவலாளியின் சைக்கிளைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தார். வண்டி நிறுத்துகிற இடத்தில் அவளை ஏற்றி ஒரு தள்ளுத் தள்ளினார். மூன்று சுற்றுச் சுற்றினாள். கார்களுக்கு நடுவில் வளைந்து, வேகத்தடையில் எழும்பி இறங்கி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். நடக்குறதுக்கு உள்ள வழி மூளையில அடைஞ்சிருக்கு அம்மா, சைக்கிளுக்கு வேற வழி உண்டுன்னு தோணுது, ஏன்னு எங்களுக்கும் முழுசாத் தெரியாது, என்று மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். அத்தனை வருஷத்தில் டாக்டர்கள் அவளிடம் சொன்ன எல்லாவற்றிலும் இந்த ஒன்றைத்தான் அவள் முழுக்க நம்பினாள். முழுசாத் தெரியாது. ஊருக்கு வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். உள்ளே எங்கேயோ இன்னொரு வழி இருக்கிறது, யாரும் வெட்டாத, யாருக்கும் தெரியாத வழி, அதில் விளக்கு இன்னும் எரிகிறது. யார் அதைப் போட்டு வைத்தது. ஜெபத்தில்கூட அவள் அதைக் கேட்டதில்லை. கேட்காததைக் கொடுத்தவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் சில நாள் ஜெபமே செய்யாமல் இருந்தாள்.

ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், குறுக்குரோடு நெடுஞ்சாலையில் சேருகிற இடத்தில் நாலைந்து பேர் சிவப்புக்கொடி காட்டிக்கொண்டு நின்றார்கள். ரோடு அடைத்திருந்தது. நிற்கக்கூடாது. நின்றால் நின்றதுதான். மெதுவாக்கிப் பார்த்தாள், வளைந்து பார்த்தாள், இரண்டு பக்கமும் வண்டிகள், முன்னால் லாரி, பின்னால் காற்று. பிரேக்கைப் பிடித்தாள். இடது பாதம் தரையில் ஊன்றியது. ஊன்றிய நொடியிலேயே தெரிந்தது, சோற்றுப்பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அது வந்தது. காற்றாலையின் ஒற்றை இறக்கை, அதை ஏற்றியிருந்த வண்டியைக் கண்ணால் அளக்க முடியவில்லை, முன்பக்கம் வளைந்து குறுக்குரோட்டுக்குள் போய்விட்ட பிறகும் பின்பக்கம் நெடுஞ்சாலையில் எங்கேயோ இருந்தது. தினமும் தூரத்தில் பார்த்தது, மலையடியில் வெள்ளைத் துரும்பாகச் சுற்றிக்கொண்டிருப்பது, இதுதானா. வண்டி திரும்பத் திரும்ப இறக்கையின் வால் ரோட்டைவிட்டு வெளியே நீண்டு, நிற்கிறவர்களின் தலைக்கு மேலாக மெல்ல நகர்ந்து வந்தது. குனிங்க, குனிங்க, என்று கொடிக்காரன் சொன்னான். எல்லாரும் குனிந்தார்கள். அவளால் குனிய முடியவில்லை. அண்ணாந்தபடியே இருந்தாள். வெள்ளையாக, வழவழப்பாக, திமிங்கலத்தின் வயிறு இப்படித்தான் இருக்குமோ என்று நினைக்கும்படி, அது அவள் முகத்துக்கு மேலே கடந்து போனது. அடிப்பக்கத்தில் மழைத்தண்ணீர் ஓடிச் சொட்டியது, ஒரு சொட்டு அவள் நெற்றியில் விழுந்தது. பயப்பட மறந்துபோயிற்று. இவ்வளவு பெரியதை இந்தக் காற்று சுற்றுகிறது. இந்தக் காற்றுதான் இதுவரை என் முதுகில் கை வைத்திருந்தது.

வழி திறந்தது. வண்டிகள் கிளம்பின. ரோஸ்லெட் கிளம்பவில்லை. பின்னால் ஹார்ன், அப்புறம் இன்னொரு ஹார்ன், ஒரு வேன்காரன் ஏதோ சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனான். இடது பாதத்தைத் தூக்கு. தூக்கு. கோடு இருப்பதாக நினை, சிவப்புக் கோடு, தாண்டு. கோடு வரவில்லை, தார்ரோட்டில் தண்ணீர் மட்டும் ஓடியது. போனை எடுக்கலாம் என்று பாலிதீன் பையோடு எடுத்தாள். நனைந்த விரல், நடுங்குகிற விரல், திரை அவளை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. ஐந்து நிமிஷம் போனதா பத்து நிமிஷமா. துணிக்கொடிக்கும் கல்லுக்கும் நடுவில் நின்ற அந்த அரைமணி நேரம் அப்படியே திரும்பி வந்து இங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றது. சரிவு இல்லை, மாமரம் இல்லை.

மொபெட்டின் முன்னால் ஒரு சாக்கு, பின்னால் இரண்டு சாக்கு என்று பூ மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவன் ஒருவன் அவளைத் தாண்டிப்போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். நனைந்த சட்டையில் பிச்சிப்பூ வாசம் அடித்தது.

"என்னக்கா, செயின் கழண்டுட்டா?"

"இல்ல. எனக்குக் கால் வரல."

"சுளுக்கா?"

"வாதம். நின்னா அப்புறம் நடக்காது." குரல் சின்னதாக, தேய்ந்து வந்தது. நோய் அதையும் எடுத்துக்கொண்டிருந்தது. அவன் பக்கத்தில் வந்து கேட்டான்.

"வீடு எங்க?"

"தோவாளை."

"நான் அங்கதான் சந்தைக்குப் போறேன். இதுல ஒங்கள ஏத்த முடியாது, மூட்டை இருக்கு. ஒரு ஆட்டோவ நிறுத்தட்டுமா? சைக்கிள இங்க கடையில விட்டா சாயங்காலம் எடுத்துக்கலாம்."

ஆட்டோ. உலர்ந்த சீட்டு, தார்ப்பாய் மூடிய உட்புறம், பத்து நிமிஷத்தில் வீடு. சூடான கஞ்சி. சரி என்று சொல்ல வாய் திறந்தாள். வாய் திறந்த இடத்தில் நினைப்பு ஒரு ஆணியில் மாட்டியது. ஆட்டோவில் போய் இறங்கினால் தாசையன் ஒன்றும் சொல்லமாட்டார், நிம்மதியாக மூச்சு விடுவார், துவட்டிவிடுவார். சாயங்காலம் சைக்கிளை எடுக்கப் போவார், நாளைக்குப் போகலாம் என்பார், மழை விடட்டும் என்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யமாட்டார்கள். அன்போடுதான் எல்லாரும் அவளைக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஹாலில் அந்த இன்னொரு சைக்கிள் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

"ஆட்டோ வேண்டாம் தம்பி. சைக்கிளத் திருப்பி வச்சு ஒரு தள்ளு தள்ளி விடுவியா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். கோபமா, கெஞ்சலா, எதுவும் தெரியாது. "நடக்க முடியாதுன்னு சொன்னீங்க?"

"நடக்கத்தான் முடியாது. ஓட்டிருவேன்."

"அது எப்படிக்கா?"

"எனக்கும் தெரியாது தம்பி. டாக்டருக்கும் தெரியாது."

அவன் தன் பூ மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தான். சந்தைக்கு நேரமாகிறது என்பது அவன் நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. பிறகு மொபெட்டை ஓரங்கட்டிவிட்டு வந்தான். அவளோடு சேர்த்தே சைக்கிளை மெல்லச் சாய்த்துத் திருப்பினான், அவள் பாதத்தைக் குனிந்து தன் கையாலேயே எடுத்து மிதிகட்டையில் வைத்தான். அந்நியன் ஒருவன் தன் காலைத் தொடுகிறான் என்று கூசியது, மறுநொடி கூச்சம் போய்விட்டது. பிடிச்சுக்கங்க, என்றான். சீட்டுக்குப் பின்னால் கை வைத்து ஓடினான். மூன்று எட்டு, நாலு எட்டு. வலது கால் மேலே போயிற்று. இடது கால் கீழே வந்தது. கை விலகியதை அவள் உணரவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு மொபெட் அவளை ஒட்டி வந்து, வேகத்தைக் குறைத்து, பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தது. அவன் அவள் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தான். நீ போ தம்பி, பூ வாடிரும், என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனான். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தான்.

இனி எதிர்க்காற்று. ஏழு கிலோமீட்டர். காற்று அள்ளி வீசிய மழை முகத்தில் மணலாக விழுந்தது. இமையை மூடி மூடித் திறந்தாள். மழைக்கோட்டு இப்போது எதிரியாகி அவளைப் பின்னால் இழுத்தது. ஒரு கையால் அதன் நுனியை இழுத்துத் தொடைக்கு அடியில் செருகுவதற்குள் சைக்கிள் ஒரு முழம் ஆடியது. வலது, இடது. நிற்காதே. வேகம் என்று ஒன்றும் இல்லை, பக்கத்தில் ஒருவர் நடந்து வந்தால் அவர்தான் முன்னால் போவார். மூச்சு இழுக்கிறபோது நெஞ்சுச் சளி கீச்சிட்டது. எத்தனை மீட்டர் என்று கணக்கெடுக்காதே. பனைமரம் வரை. அப்புறம் மதகு வரை. அந்த மதகிலிருந்து அடுத்த பனைமரம் வரை. இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒரு நினைப்பு, ஆப்பிரிக்காவிலிருந்து கடலைத் தாண்டி வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், அத்தனை கடலையும் கடந்து வந்து இந்த ஒரு சந்து வழியாகத்தான் நுழைவேன் என்று பிடிவாதமாக வருகிறது, அதன் வழியில் இப்போது ஒரு பழைய லேடீஸ் சைக்கிள் எதிராகப் போகிறது. அதற்குக் கோபம் இருக்காது. அவள் இருப்பதே அதற்குத் தெரியாது. அப்படி நினைத்ததும் ஏனோ பயம் விட்டது. இவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஹேண்டில்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள், கோயிலில் முழங்கால் போட்டிருப்பதுபோல. காற்று முதுகுக்கு மேலாகப் போனது.

தாமரைக்குளத்துக்கு அருகில் வரும்போது மாத்திரையின் வேகம் தீர்ந்துகொண்டு வருவது தெரிந்தது. அது எப்போதும் விரலில் ஆரம்பிக்கும். இடது காலின் பெருவிரல் செருப்புக்குள் சுருண்டு கொக்கிபோல வளைந்தது. வலி கெண்டைக்கால்வரை ஏறியது. அடுத்த வேளை மாத்திரை வீட்டில், கண்ணாடி அலமாரியில். இனி என்ன. மருந்து போனால் அந்த வழியும் மூடிவிடுமா, விளக்கு அணைந்துவிடுமா. வலது, இடது, வலது. மூடவில்லை. இடது, வலது. இன்னும் மூடவில்லை. குளத்துக்கரையில் மரமில்லாத இடத்தில் காற்று மொத்தமாக வந்து மோதியது. சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேவிட்டது. முன்சக்கரம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடியது, இன்னும் ஒரு நொடியில் கால் தரையில் படும், பட்டால் இந்தக் கரையில் யாரும் வரமாட்டார்கள். அப்போது உடம்பு எழுந்தது. நாற்காலியிலிருந்து எழ முடியாதவள், இரண்டு கையைக் கொடுத்து மூன்று எண்ணித் தூக்கிவிட வேண்டியவள், சீட்டைவிட்டு எழுந்து மிதிகட்டைகளின்மேல் முழு உயரத்துக்கு நின்றாள். நின்று மிதித்தாள். சீதப்பால் ஏற்றத்தில் முப்பது வயதில் மிதித்த அதே மிதி, உடம்பை ஒருபுறம் சாய்த்து, சைக்கிளை மறுபுறம் சாய்த்து. யார் மிதிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குள் இருந்த ஒருத்திதான், ஆனால் அவளைக் கேட்காமல், அவளுக்குச் சொல்லாமல் இத்தனை நாள் உள்ளேயே இருந்திருக்கிறாள். ஆண்டவரே, என்று மட்டும் சொன்னாள். மேற்கொண்டு சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. பத்துப் பன்னிரண்டு மிதி. பூவரச மரங்கள் வந்து காற்றை மறைத்தன. உட்கார்ந்தாள். கண்ணில் மழையா கண்ணீரா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

தோவாளை முக்கில் தாசையன் நின்றுகொண்டிருந்தார். குடை திரும்பிப்போய்க் கம்பிகளாக நின்றது, அதை மடக்கக்கூடத் தோன்றாமல் தலைக்கு மேலே பிடித்திருந்தார். அவளைப் பார்த்ததும் நடுரோட்டுக்கு வந்தார்.

"எங்க போன? ரெண்டு மணி நேரமாச்சு. எறங்கு, எறங்கு."

"நிக்க மாட்டேன். வீட்டுக்கு வாங்க."

"ரோஸி, நில்லு."

"நின்னா கெடந்துருவேன். வீட்டுக்கு வாங்க."

கூடவே ஓடி வந்தார். வீட்டுக்குள் அவளுடைய அரைச்சாண் அடிகளுக்கு ஈடாகத் தன் நடையைக் குறுக்கிக் குறுக்கி, அவளுக்கு முன்னால் போய்விடக்கூடாது என்று ஆறு வருஷமாகப் பழகியிருந்த மனுஷன், இப்போது முட்டிவலியோடு ஓடிப் பார்த்து, முடியாமல் பின்தங்கினார். செருப்புச் சத்தம் நடையாகி, பிறகு காதில் விழாமல் போனது. கொஞ்சம் பாவமாக இருந்தது அவளுக்கு. கொஞ்சம், சொல்லக்கூடாது, சந்தோஷமாக இருந்தது.

வீட்டு முன்னால் வந்து சேர்ந்தபோதுதான் இறங்க முடியாது என்பது நினைவுக்கு வந்தது. அவர் வந்து ஹேண்டிலைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சரிந்து விழ வேண்டியதுதான். தெரு அந்த இடத்தில் கொஞ்சம் அகலம். குழாயடியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். அவர் வரவில்லை. இன்னொரு வட்டம். மேரி ஜன்னலைத் திறந்து பார்த்தாள், அவளுக்குப் பின்னால் அவள் மருமகள் வந்து நின்றாள். உள்ளங்கால் மரத்துப்போயிருந்தது, பெருவிரல் இன்னும் கொக்கியாக இருந்தது, தோள் இறுகிக் கல்லாகியிருந்தது, உடம்பின் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது, ஆனால் வட்டம் மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது வட்டம். காற்று இங்கே வீடுகளுக்கு மேலாகப் போயிற்று, மழை நேராக விழுந்தது. ஏழாவதோ எட்டாவதோ வட்டத்தில் தாசையன் தெருமுனையில் வந்தார், ஒடிந்த குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. வாசலுக்கு வந்ததும் அவளைப் பிடிக்க இரண்டு கையையும் நீட்டினார். அவள் நெருங்கி வந்தாள். அவருடைய முகத்தை அந்தக் கிட்டத்தில் பார்த்தாள், சர்ச்சில் நன்மை அப்பம் வாங்கும்போதுகூட அவர் முகம் அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை. நீட்டிய கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவர் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார். ரோஸ்லெட் அவரைத் தாண்டி, குழாயடியைச் சுற்றி, இன்னொரு வட்டம் போனாள்.